திருப்பிப் பார்க்காத தேக்கிலை

மூங்கில்பள்ளம் காட்டில் அந்த வருஷம் மூங்கில் பூத்தது.

மூங்கில் தன் ஆயுசுக்கு ஒரு தடவைதான் பூக்கும். பூத்து, அரிசியாய் உதிர்த்துக் கொட்டிவிட்டு, நின்ற நிலையிலேயே காய்ந்து செத்துப்போகும். உதிர்கிறபோது காடெல்லாம் விருந்து. உதிர்ந்து முடிந்தால் பஞ்சம். இது தெரிந்த விலங்குகள் எல்லாம் கூடிப் பேசின. கிடைக்கிற மூங்கிலரிசியை அவரவர் தின்று தீர்க்காமல் கரடியார் குகையில் ஒன்றாய்ச் சேர்ப்பது என்று முடிவாயிற்று. யார் எவ்வளவு போட்டாரோ, அவ்வளவையும் அவர் பஞ்சத்தில் எடுத்துக்கொள்ளலாம்.

"போட்டதெல்லாம் நாளைக்கு யாருக்கு நினைவிருக்கும்?" என்று கரடியார் கேட்டார்.

எல்லார் கண்ணும் முள்ளம்பன்றி ஈட்டியப்பன் பக்கம் திரும்பியது. அந்தக் காட்டில் எழுதத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். எழுத்தாணி தேடி எங்கேயும் போகவேண்டாம். முதுகிலேயே கட்டுக்கட்டாய் முளைத்திருந்தது. ஒன்றைப் பிடுங்கி ஓலையில் கீறவேண்டியதுதான். அன்றுமுதல் அவனைக் கணக்குப்பிள்ளை என்று கூப்பிட்டார்கள். அந்தப் பெயர் அவனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

வேலைமுறையைக் கரடியாரும் அவனுமாக உட்கார்ந்து வகுத்தார்கள். குகை வாசலில் ஒரு வில்வக்காய் ஓடு இருக்கும். அதுதான் அளவை. ஓர் ஓடு அரிசி கொட்டியவர், ஒரு தேக்கிலையை எடுத்து விளிம்பில் ஒரு கடி கடித்துக் கொடுக்கவேண்டும். அதுதான் சீட்டு. பல்தடமே கையெழுத்து. பொழுது சாய்வதற்குள் அன்றைய சீட்டுகளைப் பார்த்து நாள் ஏட்டில் எழுதிவிட வேண்டும். ஒவ்வொரு சீட்டுக்கும் இரண்டு வரி. குகைக்கு இவ்வளவு வந்தது என்று ஒரு வரி; அது இன்னாருடையது என்று இன்னொரு வரி.

அமாவாசைக்கு அமாவாசை, நாள் ஏட்டில் உள்ளதைப் பேரேட்டில் ஏற்றவேண்டும். பேரேட்டில் குகைக்கு ஓர் ஓலை, ஆளுக்கு ஓர் ஓலை. ஏற்றி முடித்தபின் எல்லார் ஓலையையும் கூட்டினால், குகையின் ஓலையில் உள்ள தொகை வரவேண்டும். உள்ளே கிடக்கிற அரிசியும் அதே அளவு இருக்கவேண்டும். இப்படி ஒத்துப்பார்ப்பதற்கு ஐந்தொகை போடுவது என்று பெயர் வைத்தார்கள். இடித்தால் எங்கேயோ பிழை இருக்கிறது. ஒத்துப்போனால் கணக்கு நேர் என்று அர்த்தம். அப்படித்தான் அவர்கள் நினைத்தார்கள்.

"பொழுது சாயறதுக்குள்ள எழுதிரணும் ஈட்டியப்பா. எலை வாடிரும்," என்றார் கரடியார்.

அதை நீங்கள் எனக்குச் சொல்லவேண்டுமா ஐயா என்று ஈட்டியப்பன் கேட்டான்.

கோடைமழை ஒன்றிரண்டு விழுந்து தேக்கு தளிர் விட்டிருந்த சமயம். இளந்தேக்கிலைக்கு ஒரு குணம் உண்டு. எங்கே நசுங்குகிறதோ அங்கே சிவந்துவிடும். முயல் கடித்தால் விளிம்பில் சிவப்பாய் இரண்டு வெட்டு. அணில் கடித்தால் சீப்புப் பல் மாதிரி இருக்கும். காட்டுக்கோழி கொத்தினால் ஓட்டை. கரடியாரும் ஒரு நாள் தம் பங்கைக் கொட்டிவிட்டுச் சீட்டுக் கொடுத்தார். இலையில் பாதியைக் காணோம். இது ஒன்று மட்டும் எந்தக் காலத்திலும் அடையாளம் மாறாது என்று ஈட்டியப்பன் சொல்ல, கரடியார் வயிறு குலுங்கச் சிரித்தார்.

சருகுமான் மெல்லியும் வந்தாள். முயலளவு உடம்பு, குச்சி குச்சியாய்க் கால்கள். நடந்தால் சருகுகூடச் சத்தம் போடாது. இலைப் பொட்டலத்தில் அரிசியைக் கவ்விக்கொண்டு, விடிந்ததும் கூட்டம் சேர்வதற்கு முன்னால் வந்துவிடுவாள். ஓர் ஓடு நிரப்ப அவள் பலமுறை நடக்கவேண்டும். முகம் சுளிக்காமல் நடப்பாள். மெல்லிக்கு மேல்வரிசையில் முன்பல் கிடையாது. மானினத்துக்கே படைத்தவன் அதை வைக்கவில்லை. அதனால் அவள் கடித்தால் இலை வெட்டுப்படாது, கிழியும். அதில் சிக்கல் ஒன்றும் வரவில்லை. கிழிந்த சீட்டு காலையில் முதல் ஆளாய் வந்தவளுடையது என்று ஈட்டியப்பனுக்குத் தெரியும். அன்று சாயங்காலமே அவள் பெயரில் எழுதிவிடுவான்.

ஓலையில் கை வைக்குமுன் உச்சியில் ஒரு சுழி போடுவான். "உண்மையா எழுத வையப்பா" என்று கண்ணை மூடி வேண்டிக்கொள்வான். அதற்கப்புறந்தான் முதல் வரி.

இப்படியே போயிருந்தால் இந்தக் கதையே இல்லை.

மூங்கிலரிசி மழையாய்க் கொட்டத் தொடங்கியது. குகை வாசலில் வரிசை நீண்டது. சீட்டுகளை வைக்க இடமில்லாமல் ஈட்டியப்பன் அவற்றைத் தன் முதுகு முள்ளிலேயே குத்திக்கொண்டான். பச்சையும் சிவப்புமாய் இலைகள் முதுகு நிறைய ஆடின. கணக்குப்பிள்ளை இன்றைக்குக் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்கிறார் என்று ஒரு காட்டுக்கோழி சொன்னது. ஈட்டியப்பன் கூச்சப்பட்டான். ஆனால் அன்று சாயங்காலம் முதுகைச் சிலிர்த்து இலைகளை உதிர்க்க அவனுக்கு மனம் வரவில்லை. நாளைக்குச் சேர்த்து எழுதிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான்.

மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும். முதுகில் இருப்பது எங்கே போய்விடும்? நடந்தால் இலைகள் சலசலவென்று சத்தம் போட்டன. அந்தச் சத்தம் கேட்டு விலங்குகள் வழிவிட்டன. அதுவும் அவனுக்குப் பிடித்திருந்தது.

அமாவாசை வந்தது. ஐந்தொகை போட்டுக் காட்டச் சொல்லி மதியத்திலேயே கரடியார் ஆள் அனுப்பிவிட்டார்.

ஈட்டியப்பன் பாறைமேல் ஏறி முதுகைச் சிலிர்த்தான். இலைகள் உதிர்ந்தன. எல்லாம் சருகு. எது எந்த நாளுடையது, எது முதலில் வந்தது, எது பின்னால் வந்தது என்று ஒன்றும் தெரியவில்லை. முயல் வெட்டை அடையாளம் கண்டான். அணில் சீப்பைக் கண்டான். கோழி ஓட்டையைக் கண்டான். அவற்றை எழுதி முடித்தபின் ஒரு குவியல் மிஞ்சியது. அத்தனையும் ஓரம் கிழிந்த இலைகள். காய்ந்து சுருட்டிக்கொண்டு கிடந்தன.

இதில் மெல்லியுடையது இருக்கும் என்று அவன் மனசு சொன்னது. ஆனால் எல்லாமா? அவ்வளவு சின்ன உடம்பு இவ்வளவு அரிசியா சுமந்திருக்கும்? காலையில் அவள் வந்ததெல்லாம் நினைவில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே காலையாய்த் தெரிந்தது.

மேலே கிளையில் குரங்கு கிளையாண்டி உட்கார்ந்து பேன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன கணக்குப்பிள்ளை, முழிக்கிறீங்க?"

யார் சீட்டென்று தெரியாத இலை கொஞ்சம் கிடக்கிறது என்று ஈட்டியப்பன் சொன்னான். கிளையாண்டி கீழே குதித்து ஓர் இலையை எடுத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். அவனும் விளையாட்டுப்போல ஒன்றிரண்டு ஓடு கொட்டியிருந்தான். அவன் பல்லால் கடிப்பதில்லை, கையால் கிழிப்பான். அவன் சீட்டும் அந்தக் குவியலில் இருந்தது.

"அட, இது என் கை. பாருங்க, கிழிச்சிருக்கேன்ல. எனக்குத்தான் கடிக்கிற பழக்கமே இல்லையே."

"எல்லாமா உன்னுது?"

"பின்னே யாருது? இந்தக் காட்டுல கையிருக்கிறவன் நான் ஒருத்தன்தானே. சும்மா எழுதுங்க மாமா. பொழுது சாயுது பாருங்க."

எதிரே தெரிகிற பாறை இடுக்கில்தான் மெல்லி இருந்தாள். ஒரு குரல் கொடுத்தால் வந்துவிடுவாள். ஈட்டியப்பன் எழுந்தான். மறுபடியும் உட்கார்ந்தான். கூப்பிட்டால் விஷயம் தெரிந்துவிடும். இத்தனை நாளாய் நாள் ஏட்டில் ஒரு வரிகூட எழுதாமல் முதுகில் சுமந்துகொண்டு திரிந்தான் என்பது கரடியார் காதுக்குப் போகும். கணக்குப்பிள்ளை என்று இனி யார் கூப்பிடுவார்கள்?

ஓலையை எடுத்தான். சுழி போட்டான். கண்ணை மூடினான். "எப்படியாவது ஒத்துப்போக வையப்பா" என்று வேண்டிக்கொண்டான். வேண்டுதல் மாறிப்போனதை அவன் கவனிக்கவில்லை.

கிழிந்த இலைகள் அத்தனையையும் கிளையாண்டி பெயரில் எழுதினான். குகைக்கு வரவு ஒரு வரி, கிளையாண்டிக்கு ஒரு வரி. பேரேட்டில் ஏற்றினான். கூட்டினான். கரடியார் வந்து அரிசியை அளந்து பார்த்தார். குகையின் ஓலை, எல்லார் ஓலையின் கூட்டு, உள்ளே கிடந்த அரிசி மூன்றும் ஒன்றாய் நின்றன. ஒரு மணி இடிக்கவில்லை.

கரடியார் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார். இப்படி ஒரு கணக்கை இந்த மலையிலேயே யாரும் பார்த்திருக்க மாட்டார்கள் என்று பாராட்டினார். ஈட்டியப்பனுக்குக் கண் கலங்கியது. அந்த நேரத்தில் தன் கணக்கு உண்மை என்று அவனே நம்பிவிட்டான். ஒத்துப்போயிற்றே, பிறகென்ன?

மூங்கில் காய்ந்தது. அதற்கப்புறம் வரவேண்டிய பருவமழை வரவில்லை. ஓடை நின்றது. வெட்டவெளியில் வெடிப்பு விட்டது. விலங்குகள் ஒவ்வொன்றாய்க் குகைக்கு வந்து தம் பங்கை எடுக்கத் தொடங்கின. எடுத்ததும் ஓலையில் கழிந்தது. கிளையாண்டி தினமும் வந்தான். பாதியைத் தின்றான், பாதியை இறைத்தான். அவன் ஓலையில் நிறைய இருந்தது.

மெல்லி மட்டும் வரவில்லை. கிழங்கைக் கிளறித் தின்றாள். உதிர்ந்த அத்திக்காயைப் பொறுக்கினாள். அவள் வயிற்றில் ஒரு குட்டி இருந்தது. அது பிறக்கும்போது பால் வேண்டும், பாலுக்குத் தீனி வேண்டும், அதற்குக் குகையில் இருக்கிறது என்ற தைரியத்தில் ஒரு பிடிகூட எடுக்காமல் வைத்திருந்தாள்.

கோடை முற்றியபோது குட்டி பிறந்தது. உள்ளங்கையில் அடங்குகிற உடம்பில் வெள்ளை வெள்ளையாய்ப் பொட்டுகள். அதற்குப் பொட்டு என்றே பெயர் வைத்தாள். மறுநாள் குகைக்கு வந்தாள்.

"அண்ணே, என் ஓலையைப் பாருங்க. இனிமே தினம் வருவேன்."

ஈட்டியப்பன் ஓலையை எடுத்தான். அவன் அன்றன்றே எழுதிய ஆரம்ப நாட்களின் வரவு மட்டும் அதில் இருந்தது. இரண்டு ஓடு.

மெல்லிக்கு முதலில் புரியவில்லை. வேறு ஓலை இருக்குமே, பாருங்கள் என்றாள். வேறு ஓலை இல்லை என்றான். அரிசி உதிர்ந்த காலம் முழுக்க நடந்தேனே என்றாள். கரடியார் உள்ளிருந்து வந்தார். வரிசையில் நின்ற விலங்குகள் எட்டிப் பார்த்தன. சீட்டைப் பாருங்கள் ஐயா, நான் ஒவ்வொரு தடவையும் கடித்துக் கொடுத்தேன் என்று மெல்லி கெஞ்சினாள்.

ஈட்டியப்பன் பழைய சீட்டுக் கட்டைக் கொண்டுவந்து வைத்தான். சீட்டைத் தூக்கிப் போடக்கூடாது என்பதும் அவர்கள் முறைதான். கிழிந்த இலைகளைக் கரடியார் மேலாகப் புரட்டினார். அது தன் கை கிழித்தது என்று கிளையாண்டி மரத்திலிருந்து சொன்னான். குட்டிபோட்டவர்களுக்கெல்லாம் அடுத்தவன் அரிசிமேல் ஆசை வருவது சகஜம்தான் என்றும் சொன்னான். காட்டுக்கோழிகள் சிரித்தன.

கரடியார் கொடியவர் இல்லை. நியாயம் தப்பாதவர். அவர் நிதானமாகவே பேசினார்.

"இங்க பாரும்மா. குகையில உள்ளதும் ஏட்டுல உள்ளதும் ஒத்துப்போகுது. ஒரு மணி கூட இல்ல, ஒரு மணி குறையவும் இல்ல. உன்னுது காணாமப் போயிருந்தா எங்கயாவது இடிக்கணுமே. எங்க இடிக்குது, சொல்லு."

மெல்லிக்குக் கணக்குத் தெரியாது. அவள் ஈட்டியப்பன் முகத்தைப் பார்த்தாள்.

"கூட்டல் சரியா இருக்கலாம் அண்ணே. நான் பொய் சொல்லல."

அந்த வார்த்தை அவன் நெஞ்சில் போய் நின்றது. அமாவாசை அன்று எழுந்து, மறுபடி உட்கார்ந்தது ஞாபகம் வந்தது. சொல்லிவிடலாம். எனக்கு நிச்சயம் இல்லை ஐயா, இலைகளை நான் சேர்த்துவைத்து எழுதினேன் என்று ஒரு வாக்கியம் போதும். வாயைத் திறந்தான். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏட்டுல உள்ளதுதான் தங்கச்சி," என்றான்.

இரண்டு ஓடு அரிசி வாங்கிக்கொண்டு மெல்லி போனாள். அதைப் பார்த்துப் பார்த்துத் தின்றாள். தீர்ந்ததும் மறுபடி வந்தாள். கடனாகக் கொடுங்கள், மழை வந்ததும் எதையாவது கொண்டுவந்து அடைக்கிறேன் என்றாள். ஓலையில் இல்லாததைக் கொடுத்தால் நாளைக்கு எல்லாரும் கேட்பார்கள் என்று கரடியார் தலையைக் குனிந்துகொண்டார். ஈட்டியப்பன் ஓலைகளை அடுக்கிக்கொண்டே இருந்தான். அடுக்கியதையே மறுபடி அடுக்கினான்.

அவன் பங்கில் அரிசி இருந்தது. அதில் கொஞ்சம் கொண்டுபோய் மெல்லியின் பாறை இடுக்கில் வைக்கலாம் என்று ஒரு நாள் கிளம்பினான். பாதிவழியில் நின்றான். ஏன் கொடுத்தாய் என்று யாராவது கேட்டால்? கொடுப்பதே ஒத்துக்கொள்வது போல ஆகிவிடாதா? திரும்பி வந்துவிட்டான். வழியெல்லாம் பாறை இடுக்கிலிருந்து குட்டியின் சத்தம் கேட்டது. பால் வற்றிய மடியை முட்டி முட்டி அழுகிற சத்தம் அது. கொஞ்ச நாளில் அந்தச் சத்தம் மெலிந்தது. அப்புறம் கேட்கவில்லை.

அதன் பிறகு மழை வந்தது. ஆண்டவன் கண் திறந்தான் என்று காடே ஆடியது. ஒன்றிரண்டு மழைக்கே தேக்கு தளிர் விட்டது.

குட்டி முதல்நாள் இரவு செத்துப்போயிற்று என்று யாரோ சொல்லி ஈட்டியப்பனுக்குத் தெரிந்தது. துக்கத்துக்குப் போகாமல் இருக்கமுடியாது. போனான். பாறை இடுக்கில் பொட்டு படுத்திருந்தது. தூங்குகிற மாதிரிதான் இருந்தது. மெல்லி அழவில்லை. எலும்பும் தோலுமாய் நின்றுகொண்டு, பக்கத்திலிருந்த தேக்கங்கன்றில் இளம் இலைகளைக் கடித்து இழுத்து, ஒவ்வொன்றாய்க் கொண்டுவந்து குட்டிமேல் போட்டாள். மண் தோண்டிப் புதைக்க அந்தக் கால்களில் வலு இல்லை. இலையால் மூடிக்கொண்டிருந்தாள்.

ஓர் இலை நழுவி ஈட்டியப்பன் காலடியில் விழுந்தது.

ஓரம் கிழிந்திருந்தது. இந்தக் கிழிசலை அவன் எங்கே பார்த்தான் என்று அவனுக்குத் தெரியும். எடுத்தான். திருப்பினான். அடிப்பக்கத்தில், கிழிசலை ஒட்டி, கீழ்வரிசைப் பல் பதிந்த இடம் வரிசையாய்ச் சிவந்திருந்தது. சின்னச் சின்னப் புள்ளிகள். மணி கோத்த மாதிரி.

கை கிழித்தால் புள்ளி விழாது.

குகைக்கு ஓடினான். சீட்டுக் கட்டைப் பிரித்தான். கிழிந்த சருகுகளை ஒவ்வொன்றாய் நீவி, சுருட்டலை விரித்து, அடிப்பக்கம் திருப்பினான். புள்ளி. சிவப்பு கறுத்துப்போயிருந்தது, ஆனாலும் புள்ளி. அடுத்த இலை, புள்ளி. அடுத்தது, புள்ளி. மொத்தக் குவியலில் புள்ளி இல்லாமல் இருந்தது ஒன்றிரண்டு இலைதான்.

ஈட்டியப்பன் எல்லாரையும் கூப்பிட்டான். மறைக்காமல் சொன்னான். முதுகில் சுமந்து திரிந்ததைச் சொன்னான். மெல்லியைக் கூப்பிட எழுந்து, பெயர் கெடுமே என்று உட்கார்ந்ததையும் சொன்னான். சிரித்த கோழிகள் தரையைக் கிளறின. கரடியார் ஒரு சருகை எடுத்து அடிப்பக்கம் திருப்பிப் பார்த்தார். "நானும் புரட்டத்தான் செஞ்சேன். திருப்பலையே," என்றார்.

கிளையாண்டியைக் கேட்டார்கள். அவன் கிளையைவிட்டு இறங்கவில்லை.

"நான் என்னுதுன்னு சொன்னேன். ஆசைப்பட்டுச் சொன்னேன், ஒத்துக்கிறேன். ஆனா எழுதினது யாரு? என் கையில ஏடு இல்லையே கணக்குப்பிள்ளை."

அவனை அந்தக் காட்டைவிட்டுத் துரத்தினார்கள். அவன் தின்றது போக இறைத்த உமிதான் குகை வாசலில் கிடந்தது.

எழுதிய வரியை அழிக்கக்கூடாது என்பது அவர்கள் முறை. அழித்தால் பிழையும் சேர்ந்து மறைந்துவிடும். அதனால் ஈட்டியப்பன் தப்பான வரியை அப்படியே விட்டு, கீழே புது வரி எழுதினான். கிளையாண்டி பெயரில் வைத்தது கழிந்தது. மெல்லி பெயரில் வரவு. கிளையாண்டி தின்றுவிட்ட அளவுக்குத் தன் பங்கு முழுவதையும் தன் ஓலையிலிருந்து கழித்து அவள் ஓலையில் ஏற்றினான். அன்று சுழி போடும்போது என்ன வேண்டுவதென்று அவனுக்குத் தெரியவில்லை. கண்ணை மட்டும் மூடினான்.

ஓலையை எடுத்துக்கொண்டு மெல்லியிடம் போனான். நடந்ததையெல்லாம் சொன்னான். உன் அரிசி உனக்கு இருக்கிறது, வந்து எடுத்துக்கொள் தங்கச்சி என்று அழுதான்.

மெல்லி இலைக்குவியலின் பக்கத்தில் படுத்திருந்தாள். கோபப்படவில்லை. ஓலையை எட்டிப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"மழை பேஞ்சிருச்சு அண்ணே. புல்லு முளைச்சிருச்சு. இனிமே எனக்கு அரிசி எதுக்கு?"

இலைக்குவியலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"பொட்டுவ எந்த ஓலையில எழுதுவீங்க?"

ஈட்டியப்பன் நின்றான். எல்லாவற்றுக்கும் இரண்டு வரி எழுதத் தெரிந்தவனுக்கு, இதற்கு ஒரு வரிகூடத் தெரியவில்லை. மெல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதற்கப்புறம் அந்தப் பாறை இடுக்கில் அவளை யாரும் பார்க்கவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள் என்று சொல்லிக்கொண்டார்கள்.

அவள் அரிசி குகையிலேயே கிடந்தது. யாரும் தொடவில்லை. ஈட்டியப்பன் ஏட்டை விடவில்லை. விட்டுவிட்டுப் போவது அவனுக்கு இன்னும் பெரிய தப்பாய்த் தோன்றியது. அதன்பின் ஒரு சீட்டையும் முதுகில் குத்தியதில்லை. வாங்கிய இலையைக் கொடுத்தவர் கண்ணெதிரே திருப்பிப் பார்த்து, பெயரைக் கேட்டு, அப்போதே எழுதினான். வெறும் முள்ளோடு நடந்தாலும் அவன் முதுகு சலசலவென்றுதான் சத்தம் போட்டது. முன்பு அந்தச் சத்தத்தில் பெருமைப்பட்டவன், இப்போது ஆளில்லாத வழியாய்ப் பார்த்து நடந்தான்.

அமாவாசைதோறும் ஐந்தொகை போட்டான். குகையின் ஓலையும், எல்லார் ஓலையும், மெல்லியின் தொடாத அரிசியும் கூட்டிப் பார்த்தால் சரியாக வந்தது. ஒரு மணி இடிக்கவில்லை.

நடந்ததை நடந்த அன்றே, உரியவரைக் கேட்டு எழுதாத கணக்கு, கூட்டிப் பார்க்கையில் எவ்வளவு ஒத்துப்போனாலும் அது பொய்க் கணக்குதான்.